ஆள் இல்லாத வீட்டில மெயில் இறக்கிக்கொண்டு இருந்த கொம்பியூட்டர்

போன மாசம் அம்மாவின்ர கண் ஒப்பரேசனுக்காக கொழும்புக்குப் போய் ஒம்பது நாள் வெள்ளவத்தையில சித்தி வீட்டில நிண்டனாங்கள். அப்பா மட்டும் யாழ்ப்பாணத்தில எங்கட கொக்குவில் வீட்டில. அஞ்சாம் நாள் பின்னேரம் அப்பா ஃபோன் எடுத்தார், "பிள்ளை, உந்த இன்டர்நெட்டுக்கு என்ன நடந்தது? கொம்மாவும் அங்க, கொக்காவோடயும் கதைக்கேலாமல் கிடக்கு" எண்டு. அக்கா பாரிஸில. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவ வேலைக்கு இடையில வாட்ஸப்பில எடுப்பா, அப்பாவுக்கு நாளில அந்த இருபது நிமிசம்தான் பெரிய விசயம். நாங்களும் இல்லை, அக்காவின்ர முகமும் இல்லை எண்டா அவர் அந்த விறாந்தைக் கதிரையில தனிய இருந்து என்ன செய்வார் எண்டு நினைக்கவே எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிப் போட்டுது.

ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஒன் பண்ணச் சொன்னன், சரிவரேல்ல. பிறகு என்ர ஃபோனில கணக்கைத் திறந்து பார்த்தா டேட்டா முடிஞ்சுது. எங்களுக்கு மாசத்துக்கு 20 ஜிபி பக்கேஜ், நான் கொழும்புக்கு யாழ்தேவி ரெயில் ஏறின அண்டைக்கு 11 ஜிபி சொச்சம் மிச்சம் இருந்தது எண்டு எனக்கு வடிவாத் தெரியும், ஏனெண்டா போகமுதல் பார்த்துத்தான் போனன், அப்பாவுக்குக் காணும் எண்டு நினைச்சன். அப்பா படம் பாக்கிற ஆள் இல்லை, யூட்டியூப்பில தேவாரம் கேக்கிறதோட சரி. நாலு அஞ்சு நாளில 11 ஜிபி எங்க போனது? பக்கத்து வீட்டுப் பெடியளுக்கு பாஸ்வேர்ட் குடுத்தனீங்களோ எண்டு கூட நான் அப்பாவிட்டக் கேட்டுட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்ல. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது, இண்டைக்கும் மனசில குத்துது. அண்டைக்கு டேட்டா போட்டு விட்டுட்டு, "என்ர கொம்பியூட்டரின்ர சுவிச்சை சுவரில ஓஃப் பண்ணிவிடுங்கோ அப்பா" எண்டு சொன்னன், அது வேற ஒரு யோசனையில, கரண்ட் பில்லை நினைச்சுத்தான் சொன்னன். ஆனா அதுக்குப் பிறகு போட்ட டேட்டா அப்பிடியே நிண்டுது. அப்பத்தான் எனக்கு விளங்கத் தொடங்கினது.

என்ர வேலை மொழிபெயர்ப்பு. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கு பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, காணி உறுதி இதுகளை இங்கிலீசில செய்து குடுக்கிறது. எல்லாம் ஸ்கான் பண்ணி மெயிலிலதான் வரும். கொழும்பில இருந்துகொண்டும் அவசரமெண்டா வீட்டுக் கொம்பியூட்டருக்குள்ள போய் ஃபைல் எடுக்கலாம் எண்டு நினைச்சு அதை ஓடவிட்டுட்டுப் போனனான். அதில தண்டர்பேர்ட் எண்ட மெயில் சொஃப்ட்வெயார் திறந்தபடி. இன்னொரு விசயமும் செய்திருந்தன், போறதுக்கு முதல் நாள் இரவு, நானும் என்ர மச்சாளும் 2012 இல இருந்து சேர்ந்து பாவிக்கிற பழைய ஜீமெயில் எக்கவுண்டையும் அதுக்குள்ள சேர்த்தனான், எல்லாம் ஒரே இடத்தில கிடக்கட்டும் எண்டு. சேர்த்துப்போட்டு இன்பொக்ஸ் வந்துட்டுது, சரி எண்டு படுத்திட்டன்.

வீட்டுக்கு வந்த அண்டைக்கு பெட்டியைக் கூட அவிழ்க்கேல்ல, கொம்பியூட்டரைத்தான் முதல் திறந்தன். விண்டோஸில செட்டிங்ஸுக்குள்ள நெட்வேர்க் பகுதியில டேட்டா யூசேஜ் எண்டு ஒண்டு இருக்கு, எந்த எந்த சொஃப்ட்வெயார் கடைசி 30 நாளில எவ்வளவு இழுத்தது எண்டு ஒவ்வொண்டாக் காட்டும். மேல முதலாவதா நிண்டது தண்டர்பேர்ட். கிட்டத்தட்ட 10 ஜிபி. அப்பாவும் இல்லை, பக்கத்து வீட்டுப் பெடியளும் இல்லை. தண்டர்பேர்ட்டில டூல்ஸுக்குள்ள அக்டிவிட்டி மானேஜர் எண்டு ஒரு ஜன்னல் இருக்கு, தண்டர்பேர்ட் திறந்து கிடக்கிற வரைக்கும் அது எந்த ஃபோல்டரில எத்தினை மெயில் இறக்கினது எண்டு காட்டும், பொதுவா ஒருத்தரும் திறந்து பாக்கிறேல்ல. பழைய எக்கவுண்டின்ர ஃபோல்டர்களைத் திறந்தா, நான் பேர் மறந்துபோன ஆக்களின்ர பழைய உறுதிகள் எல்லாம் வரிசையா இறங்கியிருக்கு.

10 ஜிபி எண்டதும் சும்மா வந்த எண் இல்லை. சேர்வரில, அதாவது கூகிளின்ர பக்கத்துக் கொம்பியூட்டரில, கிடக்கிற மெயிலைத் தண்டர்பேர்ட் எடுக்கிற முறைக்கு ஐமாப் எண்டு பேர், அது வழியா ஒரு எக்கவுண்டில இருந்து ஒரு நாளைக்கு 2500 எம்பி வரைக்கும்தான் கூகிள் இறக்க விடும். நாலு நாள், நாளுக்கு 2500. கூகிள் அந்த இடத்தில மறிச்சபடியாத்தான் நாலு நாள் தாக்குப்பிடிச்சுது, இல்லாட்டி முதல் நாளே முடிஞ்சிருக்கும்.

இதில கன பேருக்குத் தெரியாத ஒரு விசயத்தைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தன். நாங்கள் நினைக்கிறது, ஆள் இல்லாட்டி மெயில் சொஃப்ட்வெயாரும் சும்மா கிடக்கும் எண்டு. உண்மை அதுக்கு நேரெதிர். ஆள் இல்லாத நேரம்தான் அதுக்கு வேலை நேரம். தண்டர்பேர்ட் கீபோர்டிலயும் மவுஸிலயும் கை படுதோ எண்டு பாத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் வேலை செய்துகொண்டு இருந்தா பழைய மெயில் இறக்கிறதை ஒத்திவைக்கும், உங்கட வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது எண்டு. நீங்கள் எழும்பித் தேத்தண்ணி போடப் போன உடன ஆள் போட்டார் எண்டு பிடிச்சு, பின்னுக்கு நிண்ட ஃபோல்டர்களை ஒவ்வொண்டா இறக்கத் தொடங்கும். தேடுறதுக்கு வசதியா மெயில்களை வாசிச்சு இன்டெக்ஸ் போடுற வேலையும் அப்பிடித்தான், ஆள் இல்லையெண்டு கண்டா அது ப்ராசஸரை இன்னும் கூட எடுத்துக்கொள்ளும். அதைச் செய்தவை நல்ல எண்ணத்திலதான் செய்திருக்கினம், எங்களைக் குழப்பாமல் வேலையை முடிக்கிறதுக்கு. ஆனா அவை யோசிச்சது அளவில்லாத லைன் இருக்கிற வீட்டை, 20 ஜிபிக்குக் கணக்குப் பாக்கிற வீட்டை இல்லை. தேத்தண்ணிக்குப் போற அஞ்சு நிமிசத்துக்கு அது பரவாயில்லை. ஒம்பது நாள் ஆள் இல்லாட்டி, ஒம்பது நாளும் அதுக்கு ஓய்வில்லாத வேலை.

இந்த விசயத்தை ஆரிட்டயும் சொன்னா உடன சொல்லுறது, "செக் பண்ணுற நேரத்தைக் கூட்டிவிடு" எண்டு. தண்டர்பேர்ட் போட்ட உடன ஒவ்வொரு எக்கவுண்டுக்கும் 10 நிமிசத்துக்கு ஒருக்கா புது மெயில் பாக்கச் சொல்லித்தான் இருக்கும். நாளுக்கு 144 தரம். என்னட்ட மூண்டு எக்கவுண்ட், அப்ப 432 தரம். கேக்கப் பெரிசாத் தெரியுது, நானும் முதல் இதுதான் காரணம் எண்டு நினைச்சன். ஆனா தபால் கந்தோருக்குப் போய் "எங்களுக்கு ஏதும் கடிதம் இருக்கோ" எண்டு கேக்கிறது மாதிரி அது, கேள்விக்குப் பாரம் இல்லை. "இல்லை" எண்ட பதில் ஒரு சின்னத் துண்டு டேட்டா. பாரம் எல்லாம் கடிதச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வாறதிலதான். ஆகவே 10 நிமிசத்தை 60 ஆக்கிப்போட்டு, சிங்க்கை, அதாவது சேர்வரில உள்ளதைக் கொம்பியூட்டருக்கு இறக்கிறதை, அப்பிடியே விட்டா ஒரு பிரயோசனமும் இல்லை, சாக்கு அப்பவும் வரும். டேட்டாவைப் பொறுத்தமட்டில இதை விளங்கிக்கொள்ளாமல் மற்றதைச் செய்யிறது வீண் மினக்கேடு.

ஃபோனில மட்டும் அந்தக் கேள்விக்கும் ஒரு விலை இருக்கு. ஃபோனின்ர ரேடியோ ஒருக்கா முழிச்சா ஒரு சின்னக் கேள்வி கேட்டு முடிஞ்ச உடன படுக்காது, இன்னும் ஏதும் வருமோ எண்டு கொஞ்ச செக்கன் முழு பவரில நிண்டுதான் அடங்கும். பதினைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எழுப்பினா டேட்டா கொஞ்சம்தான் போகும், பட்டறிதான் இறங்கும்.

பத்து நிமிசக் கேள்வியை விட வேற ஒரு வழியும் இருக்கு, ஐமாப் ஐடில் எண்டு சொல்லுறது. நாங்கள் போய்ப் போய்க் கேக்காமல், லைனைத் திறந்து வைச்சுக்கொண்டு சும்மா இருப்பம், மெயில் வந்தா சேர்வரே சொல்லும். இது 1997 இல எழுதின விதி. எங்கட பக்கம் அப்ப ஒழுங்கான கரண்டே இல்லை, நான் விளக்கில படிச்ச காலம், அந்த நேரம் எங்கயோ இருந்து எழுதினதுதான் இண்டைக்கும் என்ர மேசையில ஓடுது எண்டு நினைக்க எனக்கு உண்மையா ஒரு சந்தோசம். சேர்வர் 30 நிமிசம் ஒண்டும் கேக்காட்டி லைனை வெட்டிப்போடும், அதால 29 நிமிசத்துக்கு ஒருக்கா எண்டாலும் திருப்பிச் சொல்லு எண்டு அதிலயே எழுதிக் கிடக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனா எங்கட வீடுகளில கரண்ட் போய் ரவுட்டர் நிண்டு திருப்பி வரேக்க ஒவ்வொரு எக்கவுண்டும் திருப்பித் திருப்பி லைன் எடுக்கும், எடுத்த உடன என்ன தவறிப்போச்சு எண்டு பாக்கத் தொடங்கும். 2022 பங்குனி முடிவில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளுகளில கரண்ட் போனா கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கிற யூபிஎஸ்ஸில கிடந்த பத்து நிமிசத்தை இந்த மெயில் வேலையே குடிச்சிருக்கும் எண்டு இப்பதான் எனக்கு ஓடுது.

சரி, நிப்பாட்டினா மெயில் துலைஞ்சு போகாதோ? என்ர மச்சாள் கேட்ட முதல் கேள்வி இதுதான், கன பேர் கொம்பியூட்டரை ஓடவிட்டுட்டுப் போறதுக்கும் இந்தப் பயம்தான் காரணம். துலையாது. மெயில் வாறது உங்கட கொம்பியூட்டருக்கு இல்லை, சேர்வருக்கு. உங்கட மேசையில கிடக்கிறது அதின்ர பிரதி. நீங்கள் ஒரு மாசம் திறக்காட்டியும் அது அங்க கிடக்கும், வீட்டில ஆள் இல்லாட்டி கடிதம் தபால் கந்தோரில கிடக்கிற மாதிரி. பயப்பிட வேண்டியது ஒண்டுக்குத்தான், பெட்டி நிரம்பிறதுக்கு. ஜீமெயில் சும்மா தாறது 15 ஜிபி, அதுவும் டிரைவுக்கும் ஃபோட்டோவுக்கும் சேர்த்து. அது நிரம்பினா வாற மெயில் திரும்பிப் போயிடும். போறதுக்கு முதல் அதை ஒருக்காப் பாத்துவிட்டுப் போங்கோ, நான் பாக்கேக்க 12 ஜிபி தாண்டிக் கிடந்தது.

ரெண்டாவது காரணம், "நான் ஊரில இல்லை" எண்டு தானாப் பதில் போறதுக்கு கொம்பியூட்டர் ஓடவேணும் எண்டு நினைக்கிறது. அதை நீங்கள் எங்க போட்டனீங்கள் எண்டதைப் பொறுத்தது. ஜீமெயிலின்ர வெப்சைட்டுக்குள்ள போய் வக்கேசன் ரெஸ்பொண்டர் போட்டா அது கூகிளின்ர சேர்வரில இருந்து போகும், உங்கட கொம்பியூட்டர் எரியவே தேவையில்லை, ஒரே ஆளுக்குத் திருப்பித் திருப்பிப் போகாமல் நாலு நாளுக்கு ஒருக்காத்தான் போகும். தண்டர்பேர்ட்டில ஃபில்டர் போட்டு டெம்ப்ளேட்டால பதில் அனுப்பிற மாதிரிச் செய்திருந்தா அது தண்டர்பேர்ட் ஓடினால்தான் போகும். மெயிலைப் பிரிச்சு வேற ஃபோல்டரில போடுற ஃபில்டரும் அப்பிடித்தான். என்ர ஃபில்டர் எல்லாத்தையும் நான் இப்ப ஜீமெயிலுக்குள்ளயே மாத்திட்டன், ஒரு பின்னேரம் போனது, ஆனா இனி அந்தக் கொம்பியூட்டரை எரியவிட ஒரு காரணமும் மிச்சம் இல்லை.

இனி நான் தண்டர்பேர்ட்டில செய்ததைச் சொல்லுறன். எக்கவுண்ட் செட்டிங்ஸுக்குப் போனா ஒவ்வொரு எக்கவுண்டுக்கும் கீழ சிங்க்ரனைசேசன் அண்ட் ஸ்டோரேஜ் எண்டு ஒரு பகுதி இருக்கும். அதில முதல் பெட்டி, இந்த எக்கவுண்டின்ர மெயில்களை இந்தக் கொம்பியூட்டரில வைச்சிரு எண்டது, ஐமாப் எக்கவுண்ட் சேர்த்த உடன தானாவே டிக் போட்டிருக்கும். இதுதான் என்ர 10 ஜிபி. டிக்கை எடுத்துவிட்டா மெயிலின்ர தலைப்பு மட்டும் வரும், ஆர் அனுப்பினது, என்ன விசயம், எப்ப. நீங்கள் அமத்தித் திறக்கிற மெயிலின்ர உள்ளடக்கம் மட்டும்தான் அந்த நேரம் இறங்கும். பழைய எக்கவுண்டுக்கு நான் இதைத்தான் செய்தன். வேலை எக்கவுண்டுக்கு டிக்கை எடுக்கேல்ல, கரண்ட் நிண்டாலும் லைன் நிண்டாலும் இந்த மாச வேலை கையில இருக்கவேணும், அதால அதே பக்கத்தில கடைசி 30 நாள் மட்டும் சிங்க் பண்ணு எண்டு விட்டன், பெரிய மெயிலை இறக்காதே எண்ட பெட்டியிலயும் டிக் போட்டு, அதில தானா 50 கேபி எண்டு கிடந்ததை 1000 ஆக்கினன். கடிதம் வரும், உறுதி ஸ்கான் வராது, எனக்கு வேண்டிய நேரம் நான் எடுப்பன்.

அந்தப் பக்கத்தின்ர அடியில, இடத்தை மிச்சம் பிடிக்கப் பழைய மெயிலை அழி எண்டு கேக்கிற இன்னொரு பகுதி கிடக்கு. அதுக்குக் கிட்டயும் போகாதேங்கோ. அது கொம்பியூட்டரில இருக்கிற பிரதியை மட்டும் அழிக்கிற விசயம் இல்லை, சேர்வரில இருக்கிற மூலத்தையும் சேர்த்து நிரந்தரமா அழிக்கும். டேட்டாவைக் குறைக்கிறன் எண்டு போய் ஆரின்ரயோ தாத்தாவின்ர காணி உறுதியின்ர ஒரே பிரதியைத் துலைச்சா ஆருக்கு என்ன பதில் சொல்லுறது? இறக்கிறதைக் குறைக்கிறது மேல, அழிக்கிறது கீழ, ரெண்டும் ஒரே பக்கத்தில கிட்டக் கிட்டக் கிடக்கிறது சரியான ஆபத்து.

ஜீமெயில்காரருக்கு இன்னொண்டு. ஓல் மெயில் எண்டு ஒரு ஃபோல்டர் தண்டர்பேர்ட்டில தெரியும், அது ஆர்க்கைவ் பண்ணினது அடங்கலா, ஸ்பாமும் ட்ராஷும் தவிர, உங்கட எக்கவுண்டில உள்ள அவ்வளவு மெயிலும் கிடக்கிற ஃபோல்டர். இன்பொக்ஸை நீங்கள் எவ்வளவு சுத்தமா வைச்சிருந்தாலும் இதுக்குள்ளால 2012 இல இருந்து எல்லாம் வந்திறங்கும். சிங்க் பகுதியில அட்வான்ஸ்ட் எண்ட பட்டனை அமத்தினா ஃபோல்டர் பட்டியல் வரும், அதில ஓல் மெயிலின்ர டிக்கை எடுங்கோ, ஸ்பாமின்ரயையும் எடுங்கோ. ஜீமெயில் வெப்சைட்டில லேபிள்ஸ் பகுதியில "ஷோ இன் ஐமாப்" எண்டதை எடுத்துவிட்டா அந்த ஃபோல்டர் தண்டர்பேர்ட்டுக்கு தெரியவே மாட்டுது, அது இன்னும் திறம்.

சேர்வர் செட்டிங்ஸில மற்ற மூண்டு பெட்டி, திறந்த உடன பாரு, இத்தினை நிமிசத்துக்கு ஒருக்காப் பாரு, சேர்வர் சொன்னா உடன கேள். மூண்டாவதுதான் அந்த ஐடில். நிமிசத்தை மட்டும் எடுத்துப்போட்டு ஐடிலை விட்டா மெயில் அப்பவும் வரும், அதால நிப்பாட்டுறதெண்டா ரெண்டையும் எடுங்கோ. ஒவ்வொரு எக்கவுண்டுக்கும் தனித்தனியாச் செய்யவேணும், ஒண்டுக்குச் செய்தா மற்றதுக்கும் போகாது. கலண்டர் ஏதும் இணைச்சிருந்தா அதுவும் 30 நிமிசத்துக்கு ஒருக்காத் தன்ர பாட்டில புதுப்பிச்சுக்கொண்டிருக்கும், அதையும் பாருங்கோ. ஐமாப் இல்லாமல் பொப் எண்ட மற்ற முறையில மெயில் எடுக்கிற ஆக்கள் புது மெயிலைத் தானா இறக்கு எண்ட டிக்கை எடுக்கவேணும், பொப்பில தலைப்பு மட்டும் எடு எண்ட பெட்டியில டிக் போடாட்டி வாற மெயில் முழுசா வந்து விழும். இன்டெக்ஸ் வேலையை நிப்பாட்ட செட்டிங்ஸில ஜெனரலுக்குள்ள இன்டெக்ஸிங் எண்ட இடத்தில குளோபல் சேர்ச் எண்டதை எடுத்துவிடலாம். அது டேட்டாவைத் தின்னாது, ப்ராசஸரையும் கரண்டையும்தான் தின்னும். எனக்குத் தேடல் வேணும், பழைய பேரை வைச்சுத்தான் உறுதியைப் பிடிக்கிறனான், அதால நான் அதை எடுக்கேல்ல.

இவ்வளவும் நிரந்தரமா மாத்துறது. ஊருக்குப் போகேக்க மட்டும் நிப்பாட்ட எண்டா ஒரே ஒரு அமத்தல் காணும். தண்டர்பேர்ட்டின்ர இடது பக்க அடி மூலையில ஒரு சின்னப் படம் இருக்கு, அதை அமத்தினா ஓஃப்லைன். ஃபைல் மெனுவுக்குள்ளயும் வேர்க் ஓஃப்லைன் எண்டு இருக்கு. அமத்தேக்க "ஓஃப்லைன் போக முதல் மெயில்களை இறக்கட்டோ" எண்டு கேக்கும், வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, ஓம் எண்டா நிப்பாட்டப் போய் எல்லாத்தையும் இழுத்த கதையாப் போயிடும். அதுக்குப் பிறகு சொஃப்ட்வெயார் திறந்தபடி கிடக்கலாம், கொம்பியூட்டர் எரியலாம், நீங்கள் கொழும்பில இருந்து உள்ளுக்கு வந்து ஃபைல் எடுக்கலாம், மெயில் மட்டும் அசையாது.

பழைய அவுட்லுக் பாவிக்கிற ஆக்கள், கந்தோர்களில அதுதான் கூட, கன்ட்ரோல் ஓல்ட் எஸ் மூண்டையும் சேர்த்து அமத்தினா சென்ட் ரிசீவ் குரூப்ஸ் எண்டு ஒரு பெட்டி வரும், 30 நிமிசத்துக்கு ஒருக்கா எண்டு கிடக்கிற டிக்கை எடுக்கலாம். ஆனா எக்ஸ்சேஞ் எண்ட மைக்ரோசொஃப்ட் சேர்வரில ஓடுற கந்தோர் எக்கவுண்ட் எண்டா அது இதுக்குக் கட்டுப்படாது, சேர்வர் தன்ர பாட்டில தள்ளிக்கொண்டிருக்கும். அதுக்கு சென்ட் ரிசீவ் பக்கத்தில வேர்க் ஓஃப்லைன் பட்டனை அமத்திறதுதான் வழி, எக்கவுண்ட் செட்டிங்ஸில எத்தினை மாச மெயிலைக் கொம்பியூட்டரில வைச்சிருக்கிறது எண்டு இழுத்துக் குறைக்கிற கோடு ஒண்டும் இருக்கு.

ஃபோனைப் பற்றிக் கெதியாச் சொல்லிவிடுறன். அண்ட்ரொயிட் ஜீமெயிலில எக்கவுண்டுக்குள்ள போனா சிங்க் ஜீமெயில் எண்ட டிக், அதுக்குக் கிட்ட எத்தினை நாள் மெயில் எண்டது 30 இல நிக்கும், அதைக் குறைக்கலாம். ஐஃபோனில ஃபெச் நியூ டேட்டா எண்ட இடத்தில மனுவல் எண்டு விட்டா நீங்கள் திறந்தாத்தான் வரும், ஓட்டோமட்டிக்கலி எண்டு விட்டா சார்ஜிலயும் வைஃபையிலயும் இருக்கேக்க மட்டும் பின்னுக்கு எடுக்கும். இதில மறக்கக் கூடாதது, ஒரே மெயிலை ஒவ்வொரு கருவியும் தனித்தனியா இறக்கிது. என்ர கொம்பியூட்டர், என்ர ஃபோன், மச்சாளின்ர லப்டொப், மூண்டும் ஒரே உறுதியை மூண்டு தரம்.

அந்த உறுதியின்ர கதையையும் சொல்லவேணும். கனடாவில இருந்து ஒரு அன்ரி நாலு பக்க உறுதியை நிறத்தோட ஸ்கான் பண்ணி 18 எம்பி ஃபைலா அனுப்பினவா. மெயிலில அட்டாச்மென்டை எழுத்தா மாத்தித்தான் அனுப்பிறது, அந்த மாத்தலில அது மூண்டில ஒரு பங்கு கூடும், ஆக 18 எம்பி வழியில 24 எம்பியாத்தான் வரும். மூண்டு கருவிக்கும் 72. அதே நாலு பக்கத்தையும் கறுப்பு வெள்ளையில எடுத்து அனுப்பச் சொன்னன், ஒரு எம்பிக்குக் கீழ வந்தது, பழைய நொத்தாரிசின்ர கையெழுத்து கூடத் தெளிவா வாசிக்கக் கூடியதாத்தான் இருந்தது. இப்ப எல்லாருக்கும் வேலை எடுக்கேக்கயே இதைச் சொல்லுறன். அவையளின்ர பக்கத்தில டேட்டா ஒரு பிரச்சினை இல்லை, அதால அவைக்கு இது மனசில வாறேல்ல, சொன்னா உடன செய்யினம்.

டேட்டாவைக் காசு குடுத்து அளந்து வாங்கிற வீடுகளில இது சின்ன விசயம் இல்லை. எங்கட வீடுகளில கனக்க வயசான ஆக்கள் தனிய இருக்கினம், பிள்ளையள் எல்லாம் வெளியில, அவைக்கு அந்த டேட்டாதான் பிள்ளையளின்ர முகம். அதை ஆருமே பாக்காத ஒரு ஜன்னல் 2012 ஆம் ஆண்டு மெயிலை இறக்கித் தின்னுறது எனக்குத் தாங்கேலாமல் இருந்தது. இதைக் கேள்விப்பட்டு கோண்டாவிலில இருக்கிற என்ர சிநேகிதி தன்ர வீட்டு லப்டொப்பைப் போய்ப் பார்த்தா, மகன் ஒஸ்ரேலியாவுக்குப் போகேக்க விட்டுட்டுப் போன மெயில் எக்கவுண்ட் இன்னும் அதில சிங்க் ஆகிக்கொண்டிருக்காம், மகன் போய் ரெண்டு வருசம்.

போன கிழமை அம்மாவைக் கண் காட்ட திருப்பிக் கொழும்புக்குப் போனம், இந்தமுறை நாலு நாள். போக முதல் ஜீமெயிலில தானாப் பதில் போற மாதிரி திகதி எழுதிப் போட்டன், தண்டர்பேர்ட்டின்ர மூலையில அந்தப் படத்தை அமத்தினன், ஃபோனில சிங்க்கை எடுத்தன். ரொறொன்ரோவில காலமை 9 மணி எண்டா சம்மரில எங்களுக்கு பின்னேரம் ஆறரை, அங்கத்தைய ஆக்கள் மெயில் எழுதத் தொடங்கிற நேரம், அந்த நேரத்தில ஒருக்கா ஃபோனில நானாத் திறந்து அவசரமா ஏதும் கிடக்கோ எண்டு பாத்தன், அவ்வளவுதான். பின்னேரம் பின்னேரம் அப்பா அக்காவோட கதைச்சார். நாலு நாளுக்கும் வீட்டில போன டேட்டா 1 ஜிபியும் இல்லை, கொம்பியூட்டர் எரிஞ்சபடிதான் கிடந்தது.

வீட்டுக்கு வந்து ஒன்லைன் ஆக்கினன். 41 மெயில், தலைப்புகள் ஒரு நிமிசத்துக்குள்ள வந்து வரிசையா நிண்டுது. அதில எனக்கு உண்மையாத் தேவைப்பட்டது ஆறு. கனடா அன்ரியின்ர தங்கச்சியிட்ட இருந்து புது வேலை ஒண்டு, கறுப்பு வெள்ளை ஸ்கான், 800 கேபி. அதைத் திறந்து வைச்சுக்கொண்டு இப்ப வேலையைத் தொடங்குறன்.